ட்ரக்கில் சிபி ரேடியோ: பெட்டியை விட்டுவிட்டு ஆண்டெனாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் பல காலம் ட்ரக் ஓட்டியவர்களிடம் சிபி ரேடியோ, அதாவது பொதுமக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குறுந்தூர இருவழி ரேடியோ, என்று பேச்செடுத்தால் போதும். 1974-ல் வந்த 55 மைல் வேகக் கட்டுப்பாடு, ‘கரடி’ என்று அவர்கள் பட்டப்பெயர் வைத்த போலீஸ், ட்ரக் ஓட்டுநர்கள் பொதுவாகப் பேசும் சேனல் 19-ல் இரவெல்லாம் ஓயாத பேச்சு என வரிசையாக வரும். கடைசியில் அது யாருடைய ஆண்டெனா தூரம் போனது என்ற வாதத்தில் போய் நிற்கும். வாதம் நியாயமானதுதான். சட்டப்படி வழக்கமான ஏஎம் முறையில் எந்த ரேடியோப் பெட்டிக்கும் 4 வாட்தான் அனுமதி. மலிவான பெட்டியும் விலை உயர்ந்த பெட்டியும் இதில் ஒன்று. எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை ஆண்டெனாவும் அதன் கிரவுண்டும்தான் (வண்டியின் உலோக உடம்போடு அதற்குள்ள மின்தொடர்பு) தீர்மானிக்கின்றன. கையில் இருக்கும் பணத்தை அதற்கேற்பப் பிரியுங்கள்.

வேண்டியவை: 40 சேனல் ரேடியோ, 4 அடி ஃபைபர்கிளாஸ் ஆண்டெனா, 18 அடி ஆர்ஜி-58 ஆண்டெனா கேபிள், பக்கக் கண்ணாடியைத் தாங்கும் கம்பியில் மாட்டும் பிராக்கெட், ஒரு அடி பின்னல் கம்பிப் பட்டை, மல்டிமீட்டர், எஸ்டபிள்யூஆர் மீட்டர் (ஆண்டெனா ஏற்காமல் ரேடியோவுக்கே திரும்பும் அலை எவ்வளவு என்று காட்டுவது). அமெரிக்காவில் லைசென்ஸ் தேவையில்லை.

ஆண்டெனாவும் கிரவுண்டும்

27 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 11 மீட்டர். அதில் கால்பங்கு நீளமுள்ள கம்பி என்றால் 2.7 மீட்டர், ட்ரக்கில் அது நடக்காது. அதனால் சுருள் சுற்றிய குட்டை ஆண்டெனா மாட்டுகிறோம். மீதிப் பாதி வேலையை வண்டியின் உலோக உடம்பு செய்ய வேண்டும். பிராக்கெட்டுக்கும் உடம்புக்கும் மின்தொடர்பு இல்லையென்றால் எந்த ஆண்டெனாவும் உதவாது. பெரும்பாலான வண்டிகளில் பக்கக் கண்ணாடி கதவில் இருக்கிறது. கதவுக்கும் கேபினுக்கும் இடையே இருப்பது கிரீஸ் தடவிய கீல் மட்டும்தான். கேபினே ஃபைபர்கிளாஸ் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

பிராக்கெட் உட்காரும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, பிராக்கெட்டிலிருந்து சேஸிஸ் வரை பின்னல் பட்டையைப் போல்ட் போட்டு இறுக்குங்கள். கேபிளை இணைக்கும் முன் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு சோதனைகள் செய்யுங்கள். பிராக்கெட்டுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே ஒரு ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். ஆண்டெனா திருகும் ஸ்டட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே தொடர்பே காட்டக் கூடாது. காட்டினால் இரண்டையும் பிரிக்கும் நைலான் வாஷர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அந்த வாஷரின் தோள் பகுதி ஓட்டைக்குள் உட்காராமல் நசுங்கியிருக்கிறது. புதிதாக மாட்டியதில் அடிக்கடி நடக்கும் கோளாறு இதுதான்.

இரட்டை ஆண்டெனா பார்க்க அழகு. ஆனால் இரண்டுக்கும் நடுவே 8, 9 அடி இடைவெளி இருந்தால்தான் முன்னும் பின்னும் வீச்சு கூடும். இரண்டையும் ஒரே ரேடியோவோடு சேர்க்க, ஆர்ஜி-59 கேபிளில் செய்த ஜோடி ஹார்னஸும் கட்டாயம் வேண்டும். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் இரண்டை டி இணைப்பில் சேர்த்தால் சரிவராது. இடம் குறுகலென்றால் ஒற்றை ஆண்டெனாவே நல்லது.

கேபிளைக் கதவின் இடுக்கில் நசுங்க விடாதீர்கள். மிச்சத்தை இறுக்கிச் சுருட்டாமல், ஒரு அடி நீளத்துக்கு எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். வெளியே இருக்கும் இணைப்பில் தண்ணீர் புகாமல் டேப் சுற்றுங்கள்.

மின் இணைப்பு

பல ட்ரக்குகளில் தலைக்கு மேலுள்ள அறையில் சிபிக்கென்றே சிவப்பு, கறுப்பு முனைகள் இருக்கும். சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். அது இல்லையென்றால் ஃப்யூஸ் போட்டு நேராகப் பேட்டரிக்கு ஒயர் இழுங்கள். சிகரெட் லைட்டர் பிளக் இரைச்சலைக் கொண்டுவரும். ஃப்யூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃப்யூஸ் போட்டு ஏமாற்றாதீர்கள். ஒயரில் எங்கோ உரசல் இருக்கிறது.

எஸ்டபிள்யூஆர் பார்ப்பது

இதைச் செய்யாமல் பேச ஆரம்பித்தால் ரேடியோவின் வெளியீட்டுப் பகுதி எரிந்துபோகலாம். வண்டியைக் கட்டிடம், மற்ற ட்ரக்குகள் எதுவும் பக்கத்தில் இல்லாத வெட்டவெளியில் நிறுத்துங்கள். கதவுகள் மூடியிருக்கட்டும். ஆண்டெனா அருகே ஆள் நின்றாலும் அளவு மாறும்.

மீட்டரை ரேடியோவுக்கும் ஆண்டெனா கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். சேனல் 1-ல் யாரும் பேசவில்லை என்று கேட்டுப் பார்த்துவிட்டு, மீட்டரை எஃப்டபிள்யூடி (வெளியே போகும் அலை) நிலையில் வைத்து மைக்கை அழுத்துங்கள். பேச வேண்டாம். முள் செட் கோட்டுக்கு வரும்வரை குமிழைத் திருகி, ஆர்இஎஃப் (திரும்பி வரும் அலை) நிலைக்கு மாற்றிப் படியுங்கள். பத்து விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். இதேபோல் 19-லும் 40-லும் பாருங்கள்.

40-ல் அளவு அதிகம், 1-ல் குறைவு என்றால் ஆண்டெனா நீளம் கூடுதல். முனையில் 6 மில்லிமீட்டர் மட்டும் குறைத்து, மூன்று சேனலிலும் மறுபடி பாருங்கள். அவசரப்பட்டு வெட்டினால் ஒட்ட முடியாது. 1-ல் அதிகம் என்றால் நீளம் போதவில்லை. அடியில் ஸ்பிரிங் சேர்த்தால் சரியாகும். 1.5-க்குக் கீழே வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். 2 வரை ஓட்டலாம். மூன்று சேனலிலும் 3-க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடவே வேண்டாம். கிரவுண்டோ, ஷார்ட்டோ, கேபிள் முனையோதான் குற்றவாளி.

பேசும்போது

ஸ்குவெல்ச் குமிழை இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்துங்கள். அதைத் தாண்டித் திருகினால் தூரத்துக் குரல்களும் அடைபடும். மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் தள்ளி, சற்றுச் சாய்வாகப் பிடியுங்கள். அழுத்தி அரை விநாடி கழித்துப் பேசாவிட்டால் முதல் சொல் விழுங்கப்படும். சேனல் 9 அவசரத்துக்கும் பயணிகளுக்கு உதவுவதற்கும் மட்டும். 19-ல் செய்தி சொல்லும்போது எந்தத் திசைச் சாலை, எந்த மைல் கல் என்பதை முதலில் சொல்லுங்கள். ‘கிழக்கே போகிறவர்களுக்கு, 212-ஆம் மைலில் இடது லேனில் டயர்த் துண்டு’ என்றால் கேட்பவர் உடனே லேன் மாறலாம். டயர்த் துண்டுக்கு அங்கே ‘முதலை’ என்று பெயர். அதை மட்டும் சொல்லி இடத்தை விட்டுவிட்டால் யாருக்கும் பயனில்லை.

இரைச்சல் வந்தால் ஆண்டெனா கேபிளைக் கழற்றுங்கள். அப்போது மைக்கை மட்டும் அழுத்தக் கூடாது. இரைச்சல் நின்றால் அது ஆண்டெனா வழியே வருகிறது: செல்போன் சார்ஜர், டேஷ் கேமரா, எல்இடி விளக்கு என ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். நிற்காமல், என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கினால் அது ஆல்டர்னேட்டர். பேட்டரிக்கு நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும்.

பகலில் சில நாட்கள் பல மாநிலங்களுக்கு அப்பாலிருந்து குரல்கள் வந்து 19-ஐ மூடிவிடும். சூரியனின் செயல்பாடு அதிகமுள்ள ஆண்டுகளில் வான்மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி வரும் அலைகள் அவை. ரேடியோவில் பழுது தேட வேண்டாம். ஆர்எஃப் கெயின் (ரேடியோ எவ்வளவு நுட்பமாகக் கேட்கிறது என்பதை மாற்றும் குமிழ்) குறைத்தால் பக்கத்து ட்ரக் மட்டும் கேட்கும்.