மனை வாங்க நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்னையைச் சுற்றி மனை தேடுகிறீர்களா? முதலில் புரோக்கரைப் பாருங்கள், மனையை அப்புறம் பார்க்கலாம். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில்) பதிவான லேஅவுட்டில் மனை விற்றுத் தருபவருக்கும் 2016 ரெரா சட்டப்படி தனிப் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்டு வாங்கித் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே சரிபாருங்கள்.

தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றின் நகலையும் கேளுங்கள். நல்லவர் தயங்காமல் கொடுப்பார், ஆனால் 'இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறார், முதலில் டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள்' என்று அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், அந்த மனை போனால் போகட்டும். பத்திரங்களை உங்கள் வக்கீலிடம்தான் காட்ட வேண்டும், புரோக்கர் கூட்டிவரும் வக்கீலிடம் அல்ல.

கமிஷன் எத்தனை சதவீதம், விற்பவரிடமும் வாங்குகிறாரா என்பதை ஆரம்பத்திலேயே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் நிற்குமா என்றும் கேளுங்கள். அதே கேள்வியைப் பக்கத்துத் தெருக்காரரிடம் கேட்டால், புரோக்கர் உண்மை பேசுகிறவரா என்பது தெரிந்துவிடும்.