அப்புத்தளைத் தேயிலை மலைகளில ஓடப் போற ஆக்களுக்கு

ஊருக்குப் போறம் எண்டா எங்கட ஆக்களுக்கு யாழ்ப்பாணம், நல்லூர், கீரிமலை, பேந்து கொழும்பில ரெண்டு நாள் ஷொப்பிங், அதோட லீவு முடிஞ்சிடும். மலையகம் எண்டா ரயில் கதவில நிண்டு ஃபோட்டோ எடுக்கிற இடம் எண்ட அளவிலதான் கனபேருக்குத் தெரியும். ஆனா லண்டன், ரொறொன்ரோ, மெல்பேர்ண் பக்கம் ட்ரெயில் ரன்னிங், அதாவது மலை, காட்டுப் பாதையில ஓடுறது, பழகின பிள்ளையள் இப்ப எங்கட குடும்பங்களில நிறையப் பேர் இருக்கினம், அவைக்கு நான் சொல்றது அப்புத்தளைக்குப் போங்கோ, குறைஞ்சது மூண்டு இரவு நில்லுங்கோ, ஒரு நாளாவது புகாரில போயிடும் எண்டு நினைச்சே பிளான் பண்ணுங்கோ. இன்னொண்டு, அங்க நீங்கள் ஓடப் போற பாதை எல்லாம் ஓடுறதுக்கு எண்டு வெட்டின பாதை இல்லை, தோட்டத்துச் சனம் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் நடந்து நடந்து உண்டான பாதை, அதால ஃபோனில இருக்கிற மேப்பை விட வழியில வாற ஆக்களைக் கேட்டு ஓடுறதுதான் பாதுகாப்பு. உங்களுக்குத் தமிழ் தெரியும், வேற நாட்டு டூரிஸ்டுகளுக்கு இல்லாத பெரிய வசதி அது.

போறதுக்கு கொழும்புக் கோட்டையில இருந்து பதுளை ரயில் இருக்கு, அனேகமா எட்டு ஒன்பது மணித்தியாலம் எடுக்கும். ஆனா 2025 நவம்பர் கடைசியில வந்த டித்வா புயல் மலையகத்தில கன இடத்தில மண்சரிவையும் ரயில் பாதைக்குச் சேதத்தையும் கொண்டு வந்தது, அதால எந்தப் பகுதி ஓடுது எண்டு கேட்டுப் போட்டுத்தான் டிக்கெட் பாருங்கோ. பஸ் எண்டா புறக்கோட்டையில 99ஆம் நம்பர் பதுளை பஸ், ரத்தினபுரி, பலாங்கொடை, பெரகல தாண்டி அப்புத்தளையில இறக்கி விடும். பெரகலையில இருந்து ஏறுற வளைவுகளில தலை சுத்துற ஆக்கள் முன் சீட்டில இருங்கோ.

காலநிலைதான் எல்லாத்தையும் தீர்மானிக்கிறது. டவுண் கடல் மட்டத்தில இருந்து 1,430 மீட்டர் அளவில, ஒரு மலை முதுகில இருக்கு, தெற்குப் பக்கம் நேர கீழ சமவெளி, வடக்குப் பக்கம் ஊவாப் பள்ளத்தாக்கு. விடிய ஆறு ஆறரைக்கு வெளிச்சம் வரும், ஒன்பது பத்து மணிக்கெல்லாம் கீழ இருந்து புகார் ஏறத் தொடங்கினா பத்தடிக்கு முன்னால ஒண்டும் தெரியாது. ஜனவரியில இருந்து ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். ஜூலை ஓகஸ்டில உங்கட பிள்ளையளுக்கு லீவு எண்டு போனா மழை குறைவு, ஆனா காத்து ஆளைத் தள்ளும், மெல்லிசான விண்ட் ஜாக்கெட் கட்டாயம். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை நான் ஓடப் போகச் சொல்ல மாட்டன், ஏனெண்டு பிறகு சொல்றன்.

போய் இறங்கின அடுத்த நாள் பெரிசா ஒண்டும் செய்ய வேண்டாம். டவுணில இருந்து தம்பேதன்ன ரோட்டில வெளிக்கிட்டு, தெற்குப் பள்ளத்தை வலது கைப்பக்கம் பாத்தபடி ரெண்டரை மூண்டு கிலோமீட்டர் மெதுவா ஓடிப் போட்டு அதே வழியால திரும்புங்கோ, அது காணும். ரோட்டு ஒடுக்கம், வளைவுகளில த்ரீவீலரும் பஸ்ஸும் ஹோர்ன் அடிச்சுக் கொண்டுதான் வரும், அதால காதில ஹெட்ஃபோன் போடாதேங்கோ. பயணக் களையில கால் எப்பிடி இருக்கு, மூச்சு எப்பிடி வாங்குது எண்டு அண்டைக்குத் தெரிஞ்சிடும்.

அடுத்த நாள்தான் லிப்டன் சீட் எண்ட மலை உச்சி. டவுணில இருந்து தம்பேதன்ன தேயிலை ஃபக்டரி ஏறக்குறைய 10 கிலோமீட்டர், அது தேயிலை வியாபாரி தோமஸ் லிப்டன் 1890இல கட்டினது. ஃபக்டரியில இருந்து மேல சீட்டுக்கு இன்னும் 7 கிலோமீட்டர் அளவு ஏற்றம். உச்சி 1,970 மீட்டர் கிட்ட, அதால டவுணில இருந்து முழுக்க ஓடினா நிகர ஏற்றமே ஐந்நூறு மீட்டரைத் தாண்டும். நல்லாப் பழகின ஆக்களைத் தவிர மிச்ச எல்லாரும் விடியப் போற தோட்டத்து பஸ்ஸில ஃபக்டரி வரைக்கும் போய் அங்க இருந்து தொடங்குங்கோ. ரோட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், இடைக்கிடை தேயிலைக்குள்ளால கல்லுப் படிக்கட்டு மாதிரி குறுக்குப் பாதை வெட்டிக் கொண்டு ஏறும், ஏறேக்க குறுக்கால போங்கோ, இறங்கேக்க ரோட்டால வாங்கோ, பாசி பிடிச்ச கல்லில விடியக் காலமைப் பனி ஈரத்தோட இறங்கினா எந்தச் சப்பாத்தும் பிடிக்காது. மேல போக சின்னக் கட்டணம் ஒண்டு இருக்கு, சில்லறைக் காசு வச்சிருங்கோ. எட்டு மணிக்கு முன்னம் உச்சியில நிண்டா, வானம் தெளிஞ்சிருந்தா உடவளவைக் குளமும் அதுக்கங்கால அம்பாந்தோட்டைப் பக்கக் கடலும் மினுங்கும்.

அந்த ஏற்றத்திலதான் எனக்கு ஒருக்கா நடந்தது. குறுக்குப் பாதை ஒண்டில திரும்பப் போறன், மேல கொழுந்துக் கூடையோட போய்க் கொண்டிருந்த அம்மா ஒராள் கையைக் காட்டி, "தம்பி, அங்கிட்டு போகாதீங்க, அந்த மரத்துல குளவி இருக்கு, நேத்து எங்க ஆளுங்கள கொட்டிருச்சு" எண்டா. நிமிர்ந்து பாத்தா சவுக்கு மரக் கிளையில கறுப்பா, பெரிய பானை கவிட்டு வச்ச மாதிரி ஒண்டு தொங்குது, உத்துப் பாத்தா அதின்ர தோல் முழுக்க அசையுது. என்ர கையில இருந்த மேப்பில அந்தப் பாதை அழகா ஒரு கோடு. அண்டைக்குத் தமிழ் விளங்கியிருக்காட்டி நான் நேர அதுக்குக் கீழதான் ஓடியிருப்பன். தோட்டங்களில குளவிக் கொட்டு எண்டது அடிக்கடி நடக்கிற, உயிரையே எடுக்கிற விஷயம், அந்தச் சனம் ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடதான் கொழுந்து எடுக்குது. அதால குறுக்குப் பாதையில இறங்க முதல் ஆரைக் கண்டாலும் நிண்டு, "அக்கா, இந்தப் பாதையால போகலாமா, குளவி ஏதும் இருக்குதா" எண்டு கேளுங்கோ. குளவி கலைஞ்சு வந்தா கையை வீசாமல் முகத்தை மூடிக் கொண்டு ஓடி விலகுங்கோ. ஒவ்வாமை இருக்கிற ஆக்கள் எபிபென் எண்ட ஒவ்வாமை ஊசி இல்லாமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அங்கத்தைச் சொற்கள் கொஞ்சம் தெரிஞ்சிருந்தா வழி கேக்கிறது லேசு. வீட்டு வரிசை லயம், தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டும் 'மலை', அதுக்கு நம்பர் இருக்கும், ஃபக்டரியை 'ஸ்டோர்' எண்டுவினம், தண்ணி விழுற குழாய் பீலி. தேயிலைக்கு நடுவில வெட்டின வடிகாலுக்குப் பேர் 'கான்', இதை நல்லா ஞாபகம் வச்சிருங்கோ, ஏனெண்டா தேயிலைச் செடி ரெண்டு பக்கமும் மூடி நிக்கும், கீழ கான் இருக்கிறதே தெரியாது, கணுக்கால் முறியிறது அங்கதான். கவ்வாத்து வெட்டின, அதாவது செடியைக் கட்டையா வெட்டி விட்ட மலையில மட்டக் குச்சி எல்லாம் ஈட்டி மாதிரி நிக்கும், விழுந்தா மோசமாக் குத்தும், பாதையை விட்டு இறங்காதேங்கோ. முதுகில டாங்கியோட மருந்தடிக்கிற ஆக்களைக் கண்டா காத்து எந்தப் பக்கம் எண்டு பாத்துச் சுத்திப் போங்கோ. பீலித் தண்ணியைக் குடிக்காதேங்கோ, மேல என்ன கலக்குது எண்டு தெரியாது, டவுணில இருந்து ஒண்டரை லீட்டராவது கொண்டு போங்கோ.

லயத்துக்கு நடுவால பாதை போனா ஓடாதேங்கோ, நடவுங்கோ. அது ஆக்களின்ர வாசல், அங்க குளிக்கிற, சமைக்கிற, சின்னப் பிள்ளையளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துற நேரம் உங்கட ஓட்ட நேரமும் ஒண்டு. நாயளும் ஓடுற ஆளைத்தான் துரத்தும், நடந்தா அனேகமா விட்டிடும். கொழுந்து எடுக்கிற பொம்பிளையளைக் கேக்காமல் ஃபோட்டோ எடுக்கிறது, பிள்ளையளுக்கு ரொஃபி எறியிறது எல்லாம் தயவு செய்து வேண்டாம். 1820களில இருந்து தென்னிந்தியாவில இருந்து கொண்டு வந்து, கோப்பிக்கும் பேந்து தேயிலைக்கும் உழைக்க வச்ச சனத்தின்ர பேரப்பிள்ளையள் அவை, எங்களைப் போலத் தமிழ் ஆக்கள், வணக்கம் சொல்லி நாலு வார்த்தை கதைச்சிட்டுப் போனா அவையும் சந்தோசப்படுவினம்.

மரநிழலில ஓட ஆசை எண்டா மேற்குப் பக்கம் அடிஷாம் போங்கோ, டவுணில இருந்து 3 கிலோமீட்டர் அளவு. 1931இல தோமஸ் வில்லியர்ஸ் எண்ட வெள்ளைக்காரர் கட்டின கல் வீடு, இப்ப பெனடிக்ட் சபைத் துறவிகளின்ர மடம். சனி ஞாயிறிலயும் போயா (பௌர்ணமி) நாளிலயும் பாக்க விடுவினம், அவை செய்யிற ஜாம் வாங்கலாம். பக்கத்தில தங்கமலைக் காடு, இலை மூடின மெத்தையான மண், குருவிச் சத்தம், ஆனா மழை பெய்ஞ்சா அட்டை. சொக்ஸுக்கு மேல சவர்க்காரம் தடவிக் கொண்டு போங்கோ, ஏறினதை இழுத்துப் பிய்க்காமல் உப்புப் போட்டா விழுந்திடும். அந்தப் பாதை போய் ரயில் தண்டவாளத்தில முட்டும், கனபேர் அதில ஏறி இதல்கஷின்ன ஸ்டேஷன் வரைக்கும் போகினம், நீங்கள் அதில நிண்டு திரும்பிடுங்கோ, வளைவும் காத்தும் சேந்தா பின்னால வாற ரயில் சத்தம் கேக்காது, தண்டவாளத்தில நடக்கிறது குற்றமும் கூட.

நீளமா ஓட விரும்பினா பீக்கோ ட்ரெயில் எண்ட நீள நடைபாதை அப்புத்தளையையும் தொட்டுப் போகுது. கண்டிக்குப் பக்கத்தில ஹந்தானையில தொடங்கி நுவரெலியா வரைக்கும் 22 பகுதியா 300 கிலோமீட்டருக்கு மேல, வழியில அடையாளப் பலகை இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு பகுதியைத் தெரிஞ்செடுத்து, முடிவில த்ரீவீலரைச் சொல்லி வச்சிட்டு ஓடுறதுதான் சுகம். ஹோர்ட்டன் சமவெளி ஓட்டத்துக்கு நல்லா இராது, சனமும் கட்டுப்பாடும் கூட, வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு டிக்கெட்டும் கூட, நடக்கிறதுக்குப் போங்கோ.

மழைக் காலம் வேண்டாம் எண்டு சொன்னனே. 2014 ஒக்டோபர் 29, இந்த மலைத் தொடரின்ர கீழ்ப்பக்கம் கொஸ்லந்த மீரியபெத்தயில காலமை நேரம் மண்சரிஞ்சு லயங்களை அப்பிடியே மூடினது, எங்கட சனம் அதுக்குள்ள போனது. ரெண்டு நாள் தொடர்ந்து மழை பெய்ஞ்சிருந்தா அடுத்த நாள் வெயில் எறிச்சாலும் சரிவுப் பாதையில ஏறாதேங்கோ. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச வாரியா மண்சரிவு எச்சரிக்கை விடும், அப்புத்தளை, ஹல்துமுல்ல பேர் அதில வருதோ எண்டு இரவே பாருங்கோ. பாதையில புதுசா வெடிப்பு, சரிஞ்ச மரம், தெளிஞ்சு வந்த ஊத்து சேத்துத் தண்ணியா மாறுறது, இதில ஒண்டைக் கண்டாலும் உடனே திரும்புங்கோ.

நாய் கடிச்சா, கீறினாக் கூட, சவர்க்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிப் போட்டு அண்டைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, தியத்தலாவையில ஆதார வைத்தியசாலை இருக்கு, விசர்நாய்த் தடுப்பூசி போடுவினம். அம்புலன்ஸ் 1990, அது இலவசம், அனர்த்தம் எண்டா 117. இருட்டுக்குள்ள ஓடாதேங்கோ, சிறுத்தை இருக்கிற மலை அது, பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியும் பத்தைக்குள்ள கிடக்கும். எந்தப் பாதை, எத்தினை மணிக்குத் திரும்புவன் எண்டு தங்கிற இடத்தில சொல்லிப் போட்டு வெளிக்கிடுங்கோ, மலைக்குப் பின்னால போனா சிக்னல் இராது.

திரும்பி வரேக்க சப்பாத்தில ஒட்டின மண்ணைக் கழுவாமல் பெட்டிக்குள்ள வைக்காதேங்கோ. ஒஸ்ரேலியா, நியூசிலாந்து ஆக்களுக்கு எயார்போர்ட்டில இது பெரிய பிரச்சினை, மண் ஒட்டினதை மறைச்சா அபராதம் அடிப்பினம். கடைசி ஓட்டம் முடிஞ்ச அண்டைக்கே சப்பாத்தின்ர அடிப்பள்ளத்தில இருக்கிற செம்மண்ணைத் தேச்சு எடுத்து, சப்பாத்தைக் காய வச்சு, ஃபோர்மில சொல்லிப் போட்டுக் கொண்டு போங்கோ, அதுக்கு எண்டு பழைய டூத்பிரஷ் ஒண்டை வெளிக்கிடேக்கையே பெட்டிக்குள்ள போட்டிடுங்கோ.