உங்கள் செய்தி சேனலின் முதலாளி யார்? நீங்களே கண்டுபிடிக்கலாம்

"நான்தான் மக்கள், என்னைக் கேள்வி கேட்பவன் மக்களுக்கு எதிரி" என்று பேசி ஆட்சிக்கு வரும் தலைவர்கள் இப்போது பத்திரிகைகளைத் தடை செய்வதைவிட வேண்டியவர்களை வைத்து வாங்கிவிடுவதையே விரும்புகிறார்கள், அதில் சத்தமே வராது. அதனால் முதலாளி யார் என்று பார்த்துவிட்டுச் செய்தி படிக்கப் பழகுங்கள்.

முதலில் இணையதளத்தின் அடியிலோ நாளிதழின் கடைசிப் பக்கத்திலோ பொடி எழுத்தில் இருக்கும் கம்பெனி பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். சேனல் பெயர் ஒன்றாகவும் கம்பெனி பெயர் வேறாகவும் இருக்கும். அதை அந்த நாட்டின் கம்பெனிப் பதிவேட்டில் தேடுங்கள். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனி என்றால் வேலை இன்னும் சுலபம், பெரிய பங்குதாரர்கள் யார் என்று அவர்களே வெளியிட்டாக வேண்டும். பட்டியலில் இன்னொரு கம்பெனி இருந்தால் அதையும் தேடுங்கள், ஒரு மனிதரின் பெயர் வரும்வரை விடாதீர்கள்.

பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கடன் யார் கொடுத்தது என்பதைத்தான் நான் முக்கியமாகப் பார்ப்பேன். என்டிடிவி நிறுவனர்களின் ஆர்ஆர்பிஆர் என்ற கம்பெனி 2009-10இல் விஷ்வபிரதான் கமர்ஷியல் என்ற, வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத கம்பெனியிடம் 400 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியது. கடன் கொடுத்தவர் விரும்பினால் அதை ஆர்ஆர்பிஆர் பங்குகளாக மாற்றிக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. 2022 ஆகஸ்டில் அதானி குழுமம் விஷ்வபிரதானையே வாங்கி அந்த உரிமையைக் கையில் எடுத்தது, என்டிடிவியின் 29.18 சதவீதப் பங்கு ஆர்ஆர்பிஆரிடம் இருந்தது, வருஷம் முடிவதற்குள் சேனலே கைமாறிவிட்டது. பழைய கடன் ஒப்பந்தத்தைப் படித்தவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்கும்.

அப்புறம், அந்த முதலாளிக்கு வேறு என்ன தொழில்? துறைமுகம், சுரங்கம், மின்சாரம், சாலை ஒப்பந்தம் என்றால் அவருக்கு அரசின் கையெழுத்து தினமும் தேவை. துருக்கியில் 2018இல் ஹுரியத் நாளிதழையும் சிஎன்என் துர்க் சேனலையும் வாங்கிய தெமிரோரென் குழுமத்துக்குக் கடன் கொடுத்தது அரசு வங்கியான ஸிராத். ஹங்கேரியில் நடந்தது இன்னும் வெளிப்படை. 2016 அக்டோபரில் நேப்சபட்ஷாக் என்ற பெரிய எதிர்க்குரல் நாளிதழை, நஷ்டம் என்று சொல்லி ஒரே நாளில் மூடினார்கள். அதே மாதத்தில் அதன் தாய்க் கம்பெனி அப்போது பிரதமராக இருந்த ஓர்பானின் நண்பர் மேசாரோஷுடன் தொடர்புடைய நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. 2018 நவம்பரில் ஆட்சிக்கு வேண்டிய முதலாளிகள் 400க்கும் மேற்பட்ட ஊடகங்களை ஒரே அறக்கட்டளைக்கு இலவசமாகவே எழுதிக் கொடுத்தார்கள். சந்தையில் ஏகபோகம் உருவாகாமல் கண்காணிக்கும் போட்டி ஆணையம் அதை ஆராய முடியாதபடி 'தேசிய முக்கியத்துவம்' என்று அரசு அறிவித்தது.

அரசு விளம்பரம் எவ்வளவு வருகிறது என்றும் பாருங்கள். விளம்பரத்தை நிறுத்தினாலே பல பத்திரிகைகள் வாய் மூடிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. முதலாளியின் தொழிலைப் பாதிக்கும் ஒரு தீர்ப்போ விசாரணையோ வந்த நாளில் அந்தச் சேனலையும், அவருக்குச் சம்பந்தமில்லாத இரண்டு ஊடகங்களையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எது முதல் செய்தி, எது ஒரு வரி, எது வரவே இல்லை? இதை ஒரு நாளோடு முடிவு செய்யாமல் சில வாரம் பாருங்கள். அங்கே வேலை செய்யும் நிருபரைத் திட்டாதீர்கள், அவர் எழுதியது அச்சேறாமலே போயிருக்கலாம்.

முதலாளி யாரென்றே தெரியாத ஊடகத்தின் அரசியல் செய்தியை, வேறு இடத்தில் உறுதியாகும்வரை யாருக்கும் அனுப்பாதீர்கள். நேர்மையாக நடத்துபவர்கள் கிடைத்தால் சந்தா கட்டுங்கள்: 2020இல் ஆசிரியரை நீக்கியதும் ஹங்கேரியின் இன்டெக்ஸ் தளத்திலிருந்து 70க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள், அவர்களில் பலர் சேர்ந்து தொடங்கிய டெலெக்ஸ் என்ற செய்தித் தளம் பெரும்பாலும் வாசகர்கள் கொடுத்த பணத்தில் எழுந்து நின்றது.