டிப்ஸ்டிக்கில் ஏறிய ஆயில்

ஆயில் குறைந்தால்தான் கவலைப்பட வேண்டும் என்று நினைத்திருந்தேன். என் டீசல் பிக்கப்பில் நடந்தது தலைகீழ். ஒரு நாள் காலையில் எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்தால் மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அகலத்துக்கு ஆயில் நிற்கிறது. யாரும் ஊற்றவில்லை. விரலில் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை. முகர்ந்தால் டீசல் வாடை.

காரணம் என் ஓட்டம்தான். தினமும் ஐந்தாறு கிலோமீட்டர், உடனே ஆஃப். புகையில் வரும் கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டிதான் டி.பி.எஃப். அதில் சேர்ந்த கரியை எரிக்க, பல எஞ்சின்கள் கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும். அது முடிவதற்குள் வண்டியை நிறுத்தினால் மறுபடி மறுபடி அதே வேலை. சிலிண்டர் சுவரில் படியும் டீசல் வழிந்து ஆயிலில் கலந்துவிடுகிறது. அப்படி நீர்த்துப்போன ஆயிலை நம்பி பேரிங்கை விட முடியாது.

அன்றே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். கையேடு கேட்டது 5டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மை, ஏ.சி.இ.ஏ. சி3 என்ற தர வகை. டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் மட்டும் போதாது. சி3 எரிந்தால் குறைவாகச் சாம்பல் விடும் ஆயில், டி.பி.எஃப். சீக்கிரம் அடைபடாமல் இருக்க அதுதான் முக்கியம். அப்புறம், கடினமான ஓட்டத்துக்கென்று கையேட்டில் ஆயில் மாற்றத் தனி இடைவெளி போட்டிருந்தது, வழக்கமானதில் பாதி. என் குட்டி ஓட்டமும் அதில்தான் சேர்த்தி. இப்போது அந்தக் கணக்குப்படிதான் மாற்றுகிறேன். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஓட்டுகிறேன். ஞாயிறுதோறும் டிப்ஸ்டிக் பார்க்கிறேன். ஆயில் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.