காதுக்குப் பின்னால் ஒரு தையல்: முக நரம்பு வலியிலிருந்து மீண்ட என் அனுபவம்

வலக் கன்னத்தில் காற்று பட்டாலே மின்சாரம் பாய்ந்ததுபோல் வெட்டி இழுத்த வலியைப் பல்வலி என்று நம்பி, நல்ல கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான், முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுசெல்லும் ஐந்தாம் மூளை நரம்பை ஒரு தமனி அழுத்திக்கொண்டிருப்பது எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியவந்தது. கார்பமசெபின் மாத்திரை இரண்டு ஆண்டுகள் கைகொடுத்தது. அளவு கூடக்கூடத் தள்ளாட்டம் வந்து, இரத்தத்தில் சோடியமும் குறைந்ததால், அமெரிக்க மருத்துவர் பீட்டர் ஜனெட்டா 1960களில் வளர்த்தெடுத்த நுண் அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தேன்.

வீட்டில் தனியாக இருக்க நேராதபடி தங்கையை வரவழைத்ததும், மாத்திரையை நானாக நிறுத்தாமல் இருந்ததும்தான் நான் செய்த உருப்படியான ஆயத்தங்கள். காதுக்குப் பின்னால் மழித்து, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, தமனிக்கும் நரம்புக்கும் இடையே டெஃப்லான் பஞ்சை வைத்தார்கள்.

முதல் இரண்டு நாட்கள் குமட்டலும் பின்மண்டை வலியும் வாட்டின. மூக்கிலோ காயத்திலோ தெளிந்த நீர் கசிந்தாலும், காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலும் உடனே சொல்லவேண்டும் என்று செவிலியர் எச்சரித்ததை இதே சிகிச்சைக்குச் செல்வோர் மறந்துவிடவே கூடாது. மூன்றாம் நாள் காலை, தங்கை ஈரத் துண்டால் என் கன்னத்தைத் துடைத்தபோது, பழக்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். துண்டின் குளிர்ச்சி மட்டுமே தெரிந்தது, அழுதுவிட்டேன். மாத்திரையை மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்தேன். தையலைச் சுற்றிய மரத்த உணர்வு இன்னும் சற்று இருக்கிறது.