லடாக்கில் குளிர்கால மலையேற்றம்: மெல்லிய பனியைச் சோதிப்பது எப்படி

லே நகரில் மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் விழுகிறது. ஜனவரியில்கூடப் பல மலைகளில் பாறை வெளியே தெரியும். இதைப் பார்த்து, இங்கே பெரிய பனிச்சரிவு வராது என்று நம்பிக் கிளம்புகிறவர்கள் உண்டு. 2019 ஜனவரி 18 அன்று கர்துங் லா கணவாய்ப் பகுதியில் வாகனங்கள் பனிச்சரிவில் புதைந்து 10 பேர் இறந்தார்கள். குளிர் பாலைவனத்தில் பனி குறைவாக விழுவதுதான் அதை உறுதியற்றதாக்குகிறது. காரணம் புரிந்தால் சோதனைகளும் புரியும்.

குளிர்காலத்தில் தரையை ஒட்டிய பனி மேற்பரப்பைவிட வெப்பமாக இருக்கும். மேகமில்லாத இரவில் மேலே மைனஸ் 22 டிகிரி, அடியில் மைனஸ் 2 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவே 2 மீட்டர் பனி இருந்தால் 10 செ.மீ.க்கு 1 டிகிரி வித்தியாசம். வெறும் 40 செ.மீ. இருந்தால் 10 செ.மீ.க்கு 5 டிகிரி. 10 செ.மீ.க்கு 1 டிகிரியைத் தாண்டினாலே நீராவி மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாத கோணலான படிகங்களாக மாற்றத் தொடங்கும். கையில் அள்ளி அழுத்தினால் உருண்டை பிடிக்காது. சர்க்கரைபோல விரலிடுக்கில் கொட்டும். அதன்மேல் புதுப் பனி விழுந்து, காற்று அதை இறுக்கிப் பலகையாக்கிவிட்டால், அது உடைந்து சரிய ஒரு ஆளின் எடையே போதும்.

கிளம்புவதற்கு முன், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவின் ஆய்வகமான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அபாயம் 1 முதல் 5 வரையிலான நிலைகளில் சொல்லப்படும். அது பரந்த பகுதிக்கான கணிப்பு. நீங்கள் நிற்கும் சரிவைப் பற்றி அது பேசாது. அதை நீங்களேதான் பார்க்க வேண்டும்.

முதலில் சாய்வுக் கோணம். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் உடைகின்றன. ஊன்றுகோலைப் பனிமீது சரிவின் போக்கில் படுக்கவைத்து, அதன்மேல் கைபேசியின் கோணமானியை வைத்து அளந்து பாருங்கள். 25 டிகிரி வந்தால் மட்டும் போதாது, தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். லடாக்கின் நாலாக்களில், அதாவது குறுகிய ஓடைப் பள்ளங்களில், இதுதான் பெரிய பொறி. அடியில் நடப்பவரின் எடையாலேயே மேலேயுள்ள சரிவு உடையலாம். சிறிய பனிச்சரிவும் ஓடைக்குள் ஆழமாகக் குவியும். நாலா வாயிலில் விசிறிபோலப் பரந்த மேட்டில் கூடாரம் அடிக்காதீர்கள்.

அடுத்து பனிக்குழி. கடக்கப்போகும் சரிவின் அதே திசை, அதே உயரம், ஏறக்குறைய அதே கோணம் உள்ள, மேலிருந்து ஆபத்தில்லாத சிறு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். புரோப் கம்பியால் குத்தி ஆழம் பார்த்து, பாறைக்கு மேல் இல்லை என்று உறுதிசெய்தபின் தரைவரை தோண்டுங்கள். சுவரை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள்: ஒரு விரல் மட்டுமே நுழையும் கடினமான அடுக்குக்குக் கீழே முழு முஷ்டியே நுழைந்தால், அது மோசமான அமைப்பு. பிறகு குறுக்கே 90 செ.மீ., மேல்நோக்கி 30 செ.மீ. அளவுள்ள தூணைப் பனி அறுக்கும் வாளாலோ கயிற்றாலோ எல்லாப் பக்கமும் பிரித்தெடுங்கள். ஒரு முனையில் மண்வாரியை வைத்து, மணிக்கட்டிலிருந்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. வெடிப்பு தோன்றிய அதே தட்டிலோ அடுத்த தட்டிலோ அது தூண் முழுக்க ஓடிவிட்டால், அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். ஓடாவிட்டால் அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது. மெல்லிய பனியில் ஆழம் சில மீட்டருக்குள்ளேயே மாறும். 80 செ.மீ. உள்ள இடத்தில் தாங்கிய பலகை, பாறையை ஒட்டிய 30 செ.மீ. இடத்தில் உடைந்து, அங்கிருந்து சரிவு முழுக்கப் பரவும். பனியிலிருந்து தலைநீட்டும் பாறையை நோக்கிப் போவது பலருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும். இங்கே அதுதான் உடையத் தொடங்கும் இடம்.

காலடியில் 'வும்ப்' என்ற சத்தத்தோடு பனி அமிழ்ந்தாலோ, காலிலிருந்து விரிசல் ஓடினாலோ குழி தோண்ட வேண்டியதில்லை. வந்த வழியே திரும்புங்கள். மேளம்போல ஒலிக்கும் கெட்டிப் பனி, காற்று கொண்டுவந்து சேர்த்தது. முகட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் அது தடித்திருக்கும். புதுப் பனி விழாவிட்டாலும் இரண்டு மணி நேர வேகமான காற்று போதும். பனி நின்று 48 மணி நேரம் காத்திருப்பது புதுப் பனிக்குச் சரி. அடியில் சர்க்கரைப் பனி இருந்தால் வாரக்கணக்கில் ஆபத்து நீடிக்கும்.

மார்ச்சுக்குப் பிறகு தெற்குச் சரிவுகளில் விதி வேறு. தெளிந்த இரவில் மேற்பரப்பு இறுகும்; விடியுமுன் கிளம்பி, கால் கணுக்கால்வரை புதையத் தொடங்குமுன் இறங்கிவிடுங்கள். இரவு மேகமூட்டமாக இருந்தால் பனி இறுகியிருக்காது. அன்று போகவேண்டாம்.

ஒவ்வொருவரிடமும் 457 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் பெறவும் உதவும் கருவி), 240 செ.மீ.க்குக் குறையாத புரோப், உலோக மண்வாரி மூன்றும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படாது. கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளியும், தேடும்போது 50 செ.மீ. தள்ளியும் வையுங்கள். ஆபத்தான இடத்தை ஒரு நேரத்தில் ஒருவராகக் கடந்து செல்லுங்கள்.

புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகச் சரியும். லேயிலிருந்து யாரும் அதற்குள் வரமுடியாது. சிக்னல் மிகக் குறைந்த தூரம் காட்டும் இடத்தில், பனிப் பரப்புக்குச் செங்குத்தாக 25 செ.மீ. இடைவெளியில் சுருள்வடிவில் குத்துங்கள். தட்டுப்பட்டதும் புரோப்பை உருவாதீர்கள். அதற்குக் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி நின்று கிடைமட்டமாகத் தோண்டுங்கள். 4,500 மீட்டரில் மூச்சு சீக்கிரம் வாங்கும். முன்னால் தோண்டுபவர் நிமிடத்துக்கு ஒருமுறை மாறவேண்டும். முகமும் வாயும் முதலில், மார்பு அடுத்து. இந்தியாவில் உரிய அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பது சட்டவிரோதம். அதனால் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் அடிவாரக் கிராமத்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.