சண்டைக்கு நீட்டப்படும் வசனத்தை வாசிப்பது எப்படி

ஒருவர் குர்ஆனின் 9:5 ஐ (ஒன்பதாம் அத்தியாயம், ஐந்தாம் வசனம்) அனுப்பி, ‘பார், கொல்லச் சொல்கிறது’ என்கிறார். இன்னொருவர் பதிலுக்கு மத்தேயு 10:34 ஐ எடுத்து, இயேசுவும் சமாதானத்தை அல்ல, பட்டயத்தையே (வாளையே) அனுப்ப வந்ததாகச் சொன்னாரே என்கிறார். இரண்டு வசனங்களும் அந்தந்த நூலில் உள்ளவைதான், யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆயினும் இப்படிப் பிடுங்கி நடப்பட்ட வசனத்தை வைத்துக்கொண்டு வன்முறை, மதமாற்றம், பிற மதத்தாரை நடத்தும் விதம் ஆகியவை பற்றி அந்த மதம் என்ன சொல்கிறது என்று தீர்ப்பெழுத முடியாது. அதற்குக் கொஞ்சம் உழைப்பு வேண்டும்.

முதலில் நூலையே கையில் எடுத்து, அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் பத்து வசனங்களையாவது வாசிக்க வேண்டும். ‘வாள் வசனம்’ என்று பெயர்பெற்ற 9:5, போர் விலக்கப்பட்ட புனித மாதங்கள் கழிந்ததும் இணைவைப்போரை (இறைவனுக்கு இணையாகப் பிறவற்றை வணங்குவோரை) கண்ட இடத்தில் கொல்லுங்கள், பிடியுங்கள், முற்றுகையிடுங்கள் என்கிறது. அவர்கள் மனந்திருந்தித் தொழுது ஸகாத் என்ற கட்டாயத் தர்மம் கொடுத்தால் வழிவிடுங்கள் என்றும் சொல்கிறது. அதற்கு முந்தைய வசனம், உடன்படிக்கையை மீறாதவர்களுக்கும் முஸ்லிம்களின் எதிரிகளுக்கு உதவாதவர்களுக்கும் தவணை முடியும்வரை கொடுத்த வாக்கைக் காப்பாற்றும்படி கட்டளையிடுகிறது. அடுத்த வசனமோ, இணைவைப்போரில் ஒருவர் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, இறைவனின் வார்த்தையைக் கேட்கச் செய்து, பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறது. 13 ஆம் வசனத்துக்கு வரும்போது, சத்தியங்களை முறித்து முதலில் சண்டையைத் தொடங்கியவர்கள் என்று எதிரிகள் அடையாளம் காட்டப்படுகிறார்கள். இதன் பின்னணி கி.பி. 628 இல் மக்காவின் குறைஷி குலத்தாரோடு முஸ்லிம்கள் செய்துகொண்ட ஹுதைபிய்யா உடன்படிக்கை. குறைஷியரின் கூட்டாளிகளான பனூ பக்ர் குலத்தார் முஸ்லிம்களின் கூட்டாளிகளான குஸாஆ குலத்தாரைத் தாக்கியதில் அது முறிந்தது. 630 இல் மக்கா முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அதற்கடுத்த ஆண்டு ஹஜ்ஜின்போது இந்த அத்தியாயத்தின் தொடக்கம் பொதுவில் அறிவிக்கப்பட்டது.

‘பின்னணி புரிந்துவிட்டது, விஷயம் முடிந்தது’ என்று இங்கேயே நூலை மூடிவிடுவது இன்னொரு வகை ஏமாற்று. பிற்கால விரிவுரையாளர்கள் சிலர், இந்த ஒரு வசனம் பொறுமையையும் இணக்கத்தையும் போதிக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட வசனங்களைச் செல்லாதவை ஆக்கிவிட்டது என்று கருதினார்கள். வேறு பலர் அதை ஏற்கவில்லை. எனவே இரண்டாவது வேலை, அந்த மதத்தின் அறிஞர்கள் அதை எப்படிப் படித்தார்கள் என்று தேடுவது. ‘மார்க்கத்தில் நிர்ப்பந்தம் இல்லை’ என்ற 2:256 க்கு விரிவுரைகள் சொல்லும் பின்னணி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மதீனாவில் பிள்ளை தங்காத பெண்கள், குழந்தை பிழைத்தால் அதை யூதனாக வளர்ப்பதாக நேர்ந்துகொள்வது உண்டாம். யூதர்களான பனூ நளீர் குலத்தார் நாடுகடத்தப்பட்டபோது, அவர்களிடையே வளர்ந்த பிள்ளைகளும் கூடவே புறப்பட நின்றார்கள். பெற்றவர்கள் வலுக்கட்டாயமாக முஸ்லிமாக்கித் தடுக்கப் பார்த்தபோது இந்த வசனம் இறங்கியது என்கிறது அந்த அறிவிப்பு. பெற்ற பிள்ளையையே கட்டாயப்படுத்தக் கூடாது என்பதுதான் இதில் உறைக்கும் செய்தி.

கிறிஸ்தவ வசனங்களுக்கும் இதே அளவுகோல்தான். மத்தேயுவில் ‘பட்டயம்’ என்று வருவது வாள் (இன்றைய இளைஞருக்குப் பட்டயப் படிப்புதான் நினைவுக்கு வரும்), ஆனால் அதே கூற்றை லூக்கா 12:51 ‘பிரிவினை’ என்று தருகிறது. ஒரே வீட்டுக்குள் நம்பிக்கையால் வரும் பிளவே அங்கே பேசப்படுகிறது. வாளை உருவிய சீடனை அதை உறையில் போடச் சொன்னதும் அதே மத்தேயுவில், 26:52 இல் இருக்கிறது.

மொழிபெயர்ப்பையும் கவனிக்க வேண்டும். விருந்து உவமையில், வீடு நிறையும்படி ஜனங்களை ‘வருந்திக் கூட்டிக்கொண்டுவா’ என்று எஜமான் சொல்வதாக லூக்கா 14:23 ஐப் பழைய தமிழ் விவிலியம் தருகிறது. வருந்தி அழைப்பது நம் காதில் விருந்தோம்பலாகவே விழும். லத்தீன் மொழிபெயர்ப்பில் அது உள்ளே வரக் கட்டாயப்படுத்து என்றே நின்றது. வட ஆப்பிரிக்க ஆயரான புனித அகுஸ்தீன் தொடக்கத்தில் கட்டாயத்தை எதிர்த்தவர். திருச்சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்தியர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரை அரச சட்டத்தின் அச்சம் மீண்டும் உள்ளே திருப்பியதைத் தம் சொந்த ஊரிலேயே கண்டதால் மனம் மாறியதாக அவரே ஒரு கடிதத்தில் எழுதினார். அவர்களைக் கொல்வதை அவர் ஏற்கவில்லை. ஆனால் இந்த உவமை வரியை அவர் கையாண்ட விதம், அடுத்த ஆயிரம் ஆண்டுகளுக்குக் கட்டாயத்தை நியாயப்படுத்த விரும்பியவர்களுக்குக் கைத்தடியாயிற்று.

மதமாற்றம் பற்றிப் படிக்கும்போது கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: உள்ளே வரக் கட்டாயப்படுத்தலாமா? உள்ளே இருப்பவர் வெளியேறலாமா? பெரும்பாலான வாதங்கள் முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் சேர்த்துச் சொல்லி ஏமாற்றுகின்றன. இடைக்காலக் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், விசுவாசத்தை ஒருபோதும் ஏற்காத யூதரையும் பிறரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றார். ஏற்றபின் விலகியவரைக் கட்டாயப்படுத்தலாம், திருச்சபையின் போதனையைப் பிடிவாதமாக மறுக்கும் பேதகருக்கு மரண தண்டனையும் தகும் என்றார். 633 இல் ஸ்பெயினில் கூடிய நான்காம் தொலேதோ சங்கம் என்ற ஆயர் பேரவை யூதரைக் கட்டாயமாக மாற்றுவதைத் தடைசெய்த அதே மூச்சில், ஏற்கெனவே கட்டாயமாகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்தவராகவே இருந்தாக வேண்டும் என்றும் விதித்தது. இஸ்லாமியச் சட்டத்திலும் இதே அமைப்பைக் காணலாம். குர்ஆன் மதம் விட்டவருக்கு இவ்வுலகில் மரண தண்டனை எதையும் விதிக்கவில்லை. ஆனால் புகாரியின் தொகுப்பில் உள்ள ஒரு ஹதீஸை (நபியின் சொல்லாக வந்த அறிவிப்பை) ஆதாரமாகக் கொண்டு சுன்னி மரபின் நான்கு சட்டப் பள்ளிகளும் விலகிய ஆணுக்கு மரண தண்டனை விதித்தன. பெண்ணுக்கு அது கூடாது என்றது ஹனஃபி பள்ளி.

அடுத்து ஆட்சியாளர்கள் செய்ததைத் தனியாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிராங்கியப் பேரரசர் சார்லமேன், தாம் வென்ற சாக்சன் மக்களுக்கு விதித்த சட்டம், திருமுழுக்கை மறுத்து ஒளிபவருக்கு மரணம் என்றது. அவருடைய அவையைச் சேர்ந்த அல்குயின் என்ற அறிஞரே, விசுவாசத்தைக் கட்டாயத்தால் உண்டாக்க முடியாது என்று எதிர்த்து எழுதினார். 1491 இல் கிரானடா முஸ்லிம்களுக்கு மதச் சுதந்திரம் தருவதாகக் கையெழுத்திட்ட ஸ்பெயின் அரசர்கள், பதினோரு ஆண்டுகளுக்குள் தங்கள் காஸ்டில் ராஜ்யத்தில் திருமுழுக்கு அல்லது நாடுகடத்தல் என்றார்கள். மறுபக்கம், 12 ஆம் நூற்றாண்டில் அதே மண்ணை ஆண்ட அல்மொஹதுகள் என்ற முஸ்லிம் அரச மரபினர் யூதரையும் கிறிஸ்தவரையும் மாறக் கட்டாயப்படுத்தியதால்தான் யூத அறிஞர் மைமோனிடஸின் குடும்பம் கொர்தோபாவை விட்டு ஓடியது. குர்ஆனின் 9:29 இன் அடிப்படையில் ஜிஸ்யா வரி செலுத்திய பிற மதத்தாருக்குப் பாதுகாப்பும் வழிபாட்டு உரிமையும் இருந்தன, சமநிலை இல்லை. அக்பர் 1564 இல் நீக்கிய அந்த வரியை அவுரங்கசீப் 1679 இல் மீண்டும் கொண்டுவந்தார். நூல் ஒன்று, அரசர் இருவர்.

ஒப்பிடும்போது தட்டுகளை மாற்றிப்போடாதீர்கள். நம் மதத்தின் மலைப்பொழிவு போன்ற அன்புப் போதனையை எடுத்து அடுத்தவர் மதத்தின் போர்க்களத்தோடு நிறுப்பது மிக எளிது. வசனத்துக்கு வசனம், சட்டத்துக்குச் சட்டம், அரசனுக்கு அரசன் என்று வைக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

கடைசியாகத் தேதி பாருங்கள். 1965 டிசம்பர் 7 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம், மத விஷயத்தில் எவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை மனித மாண்பின் பேரில் அறிவித்தது. அக்குவினாஸ் அனுமதித்த தண்டனையை இன்றைய கத்தோலிக்கப் போதனையாக எடுத்துக்காட்டுவது தவறு. 2016 இல் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், நபிகள் நாயகம் மதீனாவில் யூதர்களையும் சேர்த்துச் செய்த சாசனத்தை முன்னிறுத்தி, முஸ்லிம் நாடுகளில் வாழும் சிறுபான்மையினரின் உரிமைகளை வலியுறுத்தினார்கள். ஆனால் மதம் விட்டவரைத் தண்டிக்கும் சட்டம் சில முஸ்லிம் நாடுகளில் இன்னும் இருக்கிறது. அதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தபின், வசனம் அனுப்பியவருக்கு நீண்ட பதில் எழுத வேண்டியதில்லை. 9:5 ஐ அனுப்பியவரிடம் 9:6 ஐயும், மத்தேயு 10:34 ஐ அனுப்பியவரிடம் லூக்கா 12:51 ஐயும் வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.